ஆறுமுகம் அண்ணன் வாங்கிய தோட்டம்

செய்தி எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பாதுகாப்புக் காலணி அணியாதவர்களுக்கான எச்சரிக்கைக்கும், கழிவறைக் குழாயை யாரோ திறந்துவிட்டுப் போனது பற்றிய புகாருக்கும் நடுவில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குணா ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஆறுமுகம் அண்ணன் பாட் த ஃபார்ம்." அண்ணன் தோட்டத்தை வாங்கிவிட்டார் என்பது அதன் நேர்ப்பொருள். கணக்குப் பிரிவின் மிஸ் லிம் உடனே வாழ்த்துத் தெரிவித்து, எந்தத் தோட்டம் என்று கேட்டார். வேறு சிலர் கைதட்டும் படங்களைப் போட்டார்கள். ஒருவர் செம்பனையா ரப்பரா என்று விசாரித்தார்.

நான் வாழ்த்தவில்லை. ஆங்கிலத்தில் அது மரணத்தைச் சொல்லும் மரபுத்தொடர் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் பக்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்காது. ஸ்டோர் அறையில் சாவிக்கொத்தைப் பிடித்தபடி நின்றிருந்தேன். சாவிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. 

அவரை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிக்கக்கூடும். அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

திரு. ஆறுமுகம் கோலா சிலாங்கூருக்கு உள்ளே, அப்போது ரப்பர் போட்டிருந்த ஒரு தோட்டத்தில், பால்மரம் வெட்டுபவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியை முடித்ததும் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருடைய மேசைக்கு எதிரே ஒரு நாட்காட்டி தொங்கியது. தினம் ஒரு தாள் கிழிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஒரு ஆங்கில மரபுத்தொடர் அச்சிடப்பட்டிருக்கும். காலையில் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். மாலைக்குள் அந்தத் தொடருக்குப் பொருத்தமான ஆள் ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவார். மனிதர்களை அவர் படித்த முறை இதுதான். அன்றைக்கு எந்தத் தாளோ, அகப்பட்டவருக்கு அந்தக் குணம். பீங்கான் கடைக்குள் புகுந்த காளை என்ற தாள் வந்த அன்று கண்ணாடிக் குவளையைக் கைதவறிப் போட்ட ஒரு சாதுவான லோரி ஓட்டுநர், ஓய்வு பெறும்வரை காளையாகவே இருந்தார்.

இதில் அநியாயம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "ஜாதகத்துலயும் தேதி வெச்சுத்தானே தம்பி சொல்றாங்க" என்றார்.

பிறகு ஜெராம் சாலையில் இருக்கும் எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு வந்தார். மனிதவளப் பிரிவில் அவருக்கு வேலை. நான் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுபவன். கேன்டீனில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருந்தது. புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் காரணம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தபோது எழுந்து போகும் தைரியம் இல்லை.

அவருக்குத் தனிமனிதர்கள் போதவில்லை. நாடுகளையும் எடுத்துக்கொண்டார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு இனத்துக்கும் ஆங்கிலேயன் ஒரு தொடர் எழுதி வைத்திருக்கிறான், அதைத் தெரிந்துகொண்டால் எந்த நாட்டுக்காரனிடமும் ஏமாற வேண்டியதில்லை என்பது அவருடைய நம்பிக்கை. குடித்தால் மட்டும் வரும் வீரத்துக்கு டச் கரேஜ் என்று பெயர். "டச்சுக்காரன் தண்ணியப் போட்டுட்டுத்தான் மலாக்காவுக்கே வந்திருக்கான் லா" என்பார். சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போவது பிரெஞ்சுக்காரன் வழக்கம். ஆங்கிலேயன் தனக்கென்று வைத்துக்கொண்டது ஸ்டிஃப் அப்பர் லிப். அதாவது, விறைத்த மேலுதடு. "கப்பல் முழுகட்டும், வீடு எரியட்டும். மேலுதடு மட்டும் ஆடவே ஆடாது. அதான் அவன் ஜாதி." இதைச் சொல்லும்போது தம்முடைய மீசையைத் தடவிக்கொள்வார். அடர்த்தியான, கீழே இறங்கிய மீசை. மேலுதடு என்று ஒன்று அவருக்கு இருந்ததற்கு அடையாளமே கிடையாது. கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவர், அதற்காக வளர்க்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

டச்சுக்காரனைப் பற்றிப் பேசுவதில் ஆபத்து இல்லை. எங்கள் கேன்டீனில் டச்சுக்காரன் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் ஒருநாள் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் அஸ்மி எங்கள் மேசைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அண்ணனை மலாய் வழக்கப்படி பாங் என்றழைத்து, "மலாய்க்காரனுக்கு என்ன எழுதி வைத்திருக்கிறான், பாங்?" என்று கேட்டார். நம் நாட்டில் இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் எங்கெங்கே போய் நின்றார்கள் என்பதைச் செய்தித்தாள் வாசிப்பவர்கள் அறிவார்கள். நான் மேசைக்கு அடியில் அண்ணன் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"உங்களுக்கென்று அவன் எதையும் எழுதவில்லை. உங்களிடமிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டான். கேட்காமல்" என்று மலாயில் சொன்னார்.

"எந்த வார்த்தை?"

"அமோக்."

கண்மண் தெரியாமல் வெறிகொண்டு பாய்வதைச் சொல்லும் வார்த்தை. பக்கத்து மேசைகளிலும் கரண்டிச் சத்தம் நின்றது. என் தே தாரேக் தேநீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழுந்ததை நான் பார்த்தேன். காவல் நிலையம், புகார், பத்திரிகை, சாட்சியாக நான். இந்த வரிசையில் எல்லாம் கண்முன் வந்து போயின.

அஸ்மி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அவன் வந்த பிறகுதானே எங்களுக்கு அது வந்தது" என்றார். பிறகு சிரித்தார். நாங்கள் எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தோம்.

மிஸ் லிம் தமக்கு என்ன என்று கேட்டார். ஒருவர் காதில் சொன்ன சேதி கடைசிக் காதுக்கு வேறாகப் போய்ச் சேர்வதைச் சீனர்களின் கிசுகிசுப்பு என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள் என்றார் அண்ணன். "எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே இல்லை" என்று மிஸ் லிம் ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபம் கேன்டீனின் மறுகோடிவரை கேட்டது.

நமக்கு என்ன என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. அவரே சொன்னார். "இந்தியன் ஃபைல். ஒருத்தன் பின்னால ஒருத்தன் ஒத்த வரிசையில நடக்கறது. நம்மளப் பாத்துத்தான் தம்பி எழுதிருக்கான். விடியறதுக்கு முன்னால பேர் கூப்பிடற பெரட்டுக்கு எங்கப்பால்லாம் அப்படித்தான் போவாங்க. இருட்டு, பாம்பு, சில சமயம் புலியும் இருக்கும். பயந்தவன நடுவுல விட்டுருவாங்க. முன்னால ஆளு, பின்னால ஆளு. மூஞ்சியும் யாருக்கும் தெரியாது பாரு. பயப்படறதுக்கு அதவிட நல்ல நடை கெடயாது."

அந்தத் தொடரில் வரும் இந்தியர் அமெரிக்கக் காட்டில் நடந்தவர்கள், நம் தோட்டத்துப் பாட்டாளிகள் அல்லர் என்று நான் படித்திருக்கிறேன். சொல்லவில்லை. ஆங்கிலேயன் எல்லாருக்கும் ஏதோ ஒன்று எழுதி வைத்திருக்கும்போது, நம்மை மட்டும் மறந்துவிட்டான் என்று சாப்பாட்டு நேரத்தில் எப்படிச் சொல்வது? அதோடு, அவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றுவரை சரியாகப் படுகிறது.

இவையெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத காலம் மிஸ்டர் எரிக் மேலாளராக வந்தபோது தொடங்கியது.

மிஸ்டர் எரிக் ஐரோப்பாவின் வடக்கே ஏதோ ஒரு குளிர்நாட்டைச் சேர்ந்தவர். ஆங்கிலம் எங்களுக்கு எப்படி இரவலோ, அப்படியே அவருக்கும். பெட்டிக்குத் தேவை குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். யார் யார் என்று அவருக்குத் தெரியாது. எங்களில் யாரையும் தெரியாதே. ஆகவே தினம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுமுகம் அண்ணனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: இந்த ஆள் எப்படிப்பட்டவர்?

அண்ணனிடம் இருந்த பதில்கள் எல்லாம் நாட்காட்டியில் கிழித்தவை.

வாசகர்கள் அந்த நாட்களைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். வீட்டுக் கடனும், கார்க் கடனும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் உள்ளவர்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு மனிதர் பேசுவதைப் பார்க்கிறோம். குரல் கேட்காது. உதட்டை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் மீசை. ஆங்கில மரபுத்தொடர்கள் ஒரு மிருகக்காட்சிசாலை. எலி இருக்கிறது, கழுதை இருக்கிறது, புல்லுக்குள் பாம்பு இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் வாத்துகூட இருக்கிறது. பட்டுப்போன கட்டை என்றும் ஒன்று உண்டு. வேலைக்கு ஆகாதவர் என்று பொருள். நான் இரவில் கண்ணை மூடினால் அந்தக் கட்டைதான் தெரியும். அதன்மேல் என் பெயர் எழுதியிருக்கும். என் மனைவி ஏன் புரளுகிறீர்கள் என்று கேட்டால், மரம் என்பேன்.

முதலில் வெளியே கசிந்தது குணாவுக்கான சொல். கண்ணாடி அறைக்குள் குடிநீர்ப் புட்டி மாற்றப் போனவர் காதில் 'டார்க் ஹார்ஸ்' என்று விழுந்தது. அது அலுவலகத்தில் கறுப்புக் குதிரை ஆனது. சரக்கு ஏற்றும் மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கறுப்புக் கழுதை. மிஸ் லிம் முன்னால் இதற்கான மரபுத்தொடரை நினைவுபடுத்த யாரும் துணியவில்லை.

குணா கேன்டீனுக்கு வந்தார். நல்ல உயரம், நல்ல நிறம், கையில் கையுறை. எங்கள் மேசை முன் நின்றார்.

"அண்ணே. நா கறுப்புதான். எங்கம்மாவே ஒத்துக்கும். கழுதன்னு எவன்ணே சொன்னது?"

"கழுத இல்ல குணா. குதிர" என்றார் அண்ணன்.

"அப்ப கறுப்பு சரி?"

அண்ணனின் மீசை லேசாக அசைந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நா போலீஸ் ரிப்போட் பண்ணப் போறேன். இனத்தச் சொல்லித் திட்டுனா உள்ள போடுவாங்க தெரியும்ல? இவருதான் சாட்சி" என்று என்னைக் காட்டினார். கையில் இருந்த கரிபாப் பலகாரத்தை நான் கீழே வைத்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒக்காரு லா. ரேஸ்ல ஒரு குதிர ஓடுது. அதப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒருத்தனும் டுயிட் கட்ட மாட்டான். கடைசியில அதுதான் முந்தி வரும். அதுக்குப் பேரு டார்க் ஹார்ஸ். நெறத்தச் சொல்றது இல்ல. ஒனக்குள்ள இருக்கறது வெளியில தெரியலன்னு சொல்றது."

குணா நின்றபடியே யோசித்தார். "ஒருத்தனும் கட்டலன்னா, முந்தி வந்து எனக்கு என்னா லாபம்?"

"வேல நிக்கும்."

"வெள்ளக்காரன் நம்புனானா?"

"ஃபோன்ல தேடிப் பாத்தான். அப்பறம் ஒன் பேருக்கு நேரா சரி போட்டான்."

குணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கீழே வைத்த கரிபாப்பை எடுத்துத் தின்றார். "மத்தவனுங்ககிட்ட சொல்லுங்கண்ணே, குதிரன்னு" என்றார். "கழுதன்னு எம் பொண்டாட்டி காதுக்குப் போச்சுன்னா அப்படியே கூப்ட ஆரம்பிச்சுரும்." அன்றிலிருந்து அண்ணனை வீட்டிலிருந்து தம் காரில் ஏற்றி வருபவர் அவர்தான்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று முடிவு செய்து, பிறகு கேட்டேன். "அண்ணே, என்னப் பத்தி என்னா சொன்னீங்க?"

"சொன்னா ஒனக்குத் தூக்கம் வராது."

"இப்பவே வரல."

"அப்ப சொல்லி என்னா ஆவப்போவுது?" என்று எழுந்து கை கழுவப் போனார்.

ஆட்குறைப்பு வந்தது. சிலர் போனார்கள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தெரியாமல் இருப்பதும் ஒரு பயம்தான். தவறுதலாக விட்டுவிட்டார்கள், என்றாவது ஒருநாள் ஞாபகம் வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் விடுப்பு எடுத்ததில்லை. ஸ்டோரைப் பூட்டிவிட்டுச் சாலை முனைவரை போய், திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அண்ணன் குணாவின் காரிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 

அண்ணனுக்கு நுரையீரலில் நோய் வந்தது. முதலில் இருமல், பிறகு மூச்சு, பிறகு மருத்துவமனை. குணாவும் நானும் பார்க்கப் போனோம். குணா கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்ததால் முதலில் நான் மட்டும் வார்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் படுத்திருந்தவரைத் தாண்டி இரண்டு கட்டில் போய்விட்டேன். அவருடைய மனைவி கமலா அண்ணிதான், "இங்க வாங்க, இவருதான்" என்று கூப்பிட்டார்.

மீசையை மழித்திருந்தார்கள். மூக்குக் குழாயை ஒட்டும் பிளாஸ்திரி நிற்கவில்லையாம்.

மேலுதடு நடுங்கியது. நோயினால் என்றுதான் நினைத்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "புதுசு இல்ல தம்பி. கல்யாணத்தன்னைக்கு மணவறையிலயே இப்படித்தான். சின்னதுலேருந்தே பயம் வந்தா ஒதடு ஆடும். அதுக்குத்தானே மீசை."

கேன்டீனில் அமோக் என்று சொன்னபோது, குணா முன்னால் நின்றபோது, கண்ணாடி அறைக்குள் தினமும் பேசியபோது, நாங்கள் மீசை அசைவதைப் பார்த்தோம். பேசுகிறார் என்று நினைத்தோம்.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைக் கண்டார். ஏதாவது ஒரு தொடர் வரும் என்று காத்திருந்தேன். வராவிட்டால் நான் தாங்கமாட்டேன் என்றும் தோன்றியது.

"தம்பி, அந்தத் துண்ட எடுத்து வாயி மேல போடு. எல்லாரும் ஒதட்டயே பாக்கறாங்க."

போட்டேன். மூச்சுக்குத் துண்டு மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"பயமாருக்கு" என்றார் துண்டுக்குள்ளிருந்து. தமிழில் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஆங்கிலம் இருந்ததா என்று தெரியவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தைரியம் சொல்ல வேண்டிய இடம். என் கையும் சேர்ந்து நடுங்கியதால் அவர் என் கையை இறுக்கிப் பிடித்து, எனக்குத் தைரியம் சொல்லும்படி ஆனது.

குணா வந்ததும் அண்ணன் அவரிடம் வேறு பேசினார். "நா போயிட்டா குரூப்ல நீதான் போடணும். பாட் த ஃபார்ம்னு போடு. எங்கப்பா சாகறவரைக்கும் அந்தத் தோட்டத்த வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மகன் வாங்கிட்டான்னு இருக்கட்டும்."

"சும்மா இருங்கண்ணே" என்றார் குணா. வேறு பேச்சு பேசினார். ஆனால் சொன்னபடி போட்டார்.

அடக்கத்தன்று மிஸ்டர் எரிக் வந்தார். அந்த வெயிலில் கறுப்புக் கோட்டுடன் வந்தார். பெட்டிக்குள் அண்ணன் மீசை இல்லாமல் படுத்திருந்தார். மேலுதடு அசையவில்லை. ஆங்கிலேயர் யாரும் பார்க்க வரவில்லை. மிஸ் லிம் தாம் அனுப்பிய வாழ்த்தை நினைத்து அழுதுகொண்டிருந்தார். "அந்தக் கிசுகிசுப்பு மாதிரி எனக்கும் தப்பாகத்தான் வந்து சேர்ந்தது" என்று யாரிடமோ உரக்கச் சொன்னார். அஸ்மி வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மிஸ்டர் எரிக் என்னை ஓரமாக அழைத்தார். மேலாளர் ஓரமாக அழைப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரே அர்த்தம்தான். இழவு வீட்டில் வைத்தா சொல்லப் போகிறார் என்று பையில் இருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"முன்பு ஆட்களைக் குறைத்தபோது பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது" என்றார். "நான் அவரிடம் கேட்டேன். இவர் தன் நிழலுக்கே பயப்படுகிறவர், சாவியை இவரிடமே விடுங்கள் என்றார். தைரியசாலி பூட்டை ஒரு தடவைதான் பார்ப்பான் என்றார்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு மனிதருக்குள் இருக்கும் பயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பதிலுக்கு இப்படிச் செய்தார்" என்றார்.

மிஸ்டர் எரிக் தம்முடைய ஆட்காட்டி விரலை மூக்குக்குக் கீழே வைத்து, இல்லாத ஒரு மீசையை மேலே தூக்கிக் காட்டினார்.

"எனக்கு அது இன்றுவரை புரியவில்லை. அது உங்கள் மக்களின் வழக்கமா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். தம் ஊருக்குப் போய் எங்கள் இனத்தின் குணமாக அதைச் சொல்வார் என்று நினைக்கிறேன். சொல்லட்டும். ஆங்கிலேயன் எழுதி வைக்காமல் போனதை யாராவது எழுத வேண்டும்.

அவர்கள் குடும்பத்தில் புதைப்பது வழக்கம். அவர் பிறந்த தோட்டத்து இடுகாட்டிலேயே இடம். பெட்டியை ஏற்றிய வேன் செம்மண் சாலையில் முன்னால் ஊர்ந்தது. முதல்நாள் மழையில் சக்கரத் தடங்கள் இரண்டும் நிறையத் தண்ணீர். நடுவில் புல் முளைத்த திட்டு மட்டும் காய்ந்திருந்தது. யாரும் சொல்லாமலே எல்லாரும் அதன்மேல் ஏறி, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். முன்னால் போனவர்கள் என்னை நடுவில் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் குணா, பின்னால் மிஸ்டர் எரிக். செம்பனைகள் இருபுறமும் இருட்டாக இருந்தன. என் உதடு ஆடியது. யாருக்கும் தெரியவில்லை.

வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. என் நிழல் எனக்கு முன்னால் விழுந்து, குணாவின் சட்டையில் ஏறி ஏறி இறங்கியது. வழி முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அண்ணே, தோட்டம் உங்கள் பெயருக்கு ஆகிவிட்டது. நல்லபடியாகப் படுங்கள். ஸ்டோரைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். சாலை முனைவரை போய், திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்தும் பார்த்தேன்.